யூகலிப்டஸைப் போன்சாயாக வளர்க்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கோத்தகிரியில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வளர்ந்த நான், இப்போது சிட்னியில் வசிக்கிறேன். அந்த மரத்தின் சொந்த மண்ணுக்கே வந்துவிட்டதால், அதையே போன்சாயாக வளர்க்க ஆசை. ஆனால், 'யூகலிப்டஸ் போன்சாய்க்கு ஒத்துவராது, வேரை வெட்டினால் செத்துப்போகும்' என்கிறார் அனுபவமுள்ள நண்பர் ஒருவர். உண்மையா? (வாசகி, சிட்னி)

பதில்: ஒத்துவரும். ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் போன்சாய்களைப் பல ஆண்டுகளாகச் செழிப்பாக வளர்த்து வருபவர்கள் இருக்கிறார்கள். கான்பெராவின் தேசிய மரப்பூங்காவில் உள்ள தேசிய போன்சாய், பென்ஜிங் (சீன முறைத் தொட்டி மரக் கலை) தொகுப்புக்குச் சென்றால், ஜப்பானிய மரங்களுக்குப் பக்கத்தில் இந்நாட்டு மரங்களும் தொட்டிகளில் நிற்பதை நேரிலேயே பார்க்கலாம். உங்கள் நண்பரின் கருத்து உருவானதற்குக் காரணம், பலரும் பொருத்தமில்லாத இனத்தைத் தேர்ந்தெடுத்து, பொருத்தமில்லாத பருவத்தில் வேரை வெட்டியதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் இனத்தைப் பார்ப்போம். கோத்தகிரியில் நீங்கள் பார்த்து வளர்ந்தது பெரும்பாலும் டாஸ்மேனியாவிலும் விக்டோரியாவிலும் இயற்கையாக வளரும் புளூ கம். நீலகிரித் தைலம் தரும் மரம் அதுவே. அதன் முதிர்ந்த இலை ஒரு சாண் நீளத்தையும் தாண்டும் என்பதால், ஒரு முழ உயர மரத்தில் அந்த இலை அழகாக அமையாது. யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கும்போது புளூ கம்மைப் பிடித்துக்கொண்டு சிரமப்படத் தேவையில்லை. குறுகிய மெல்லிலைகள் கொண்ட நிக்கோலி, பெயருக்கேற்பச் சிற்றிலை கொண்ட பார்வுலா, விக்டோரியாவின் பக்ஸ்டன் பகுதிக்குரிய கிரெனுலாட்டா ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. முர்ரே நதிக்கரையில் வளரும் ரிவர் ரெட் கம் இலையில் சற்று நீளமானதுதான். ஆனாலும் தொட்டி வாழ்க்கையையும் வெட்டையும் தாங்கும் உறுதிக்காக அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொழுந்தை விடாமல் கிள்ளிவந்தால் அதன் இலை நன்றாகவே சிறுக்கும்.

நாட்டுமரங்களை விற்கும் நர்சரிகளில் சிறு குழாய்த் தொட்டிகளில் கிடைக்கும் கன்றே போதும். வாங்கிய கன்றின் வேரைப் பிரித்துப் பாருங்கள். ஆணிவேர் குழாயின் அடியில் சுருண்டிருந்தால், அந்தச் சுருளை இளம் வயதிலேயே நீக்கிவிட வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து அதைத் திருத்த முடியாது.

கேள்வி: சென்ற ஜூன் மாதத்தில் என் ரிவர் ரெட் கம்மை வேர் கவாத்து செய்து தொட்டி மாற்றினேன். ஒரே மாதத்தில் காய்ந்துவிட்டது. என்ன தவறு? (வாசகர், அடிலெய்டு)

பதில்: பருவம்தான் தவறு. ஆஸ்திரேலியாவில் ஜூன் குளிர்காலம். இதே தவறை நானும் செய்து, ஆறு ஆண்டுகள் வளர்த்த மரம் ஒன்றை இழந்திருக்கிறேன். மேப்பிள் போன்ற இலையுதிர் மரங்கள் குளிர்காலத்தில் உறங்குவதால், துளிர்ப்பதற்குச் சற்று முன்பாக அவற்றின் வேரை வெட்டுகிறோம். யூகலிப்டஸுக்கு அப்படி ஓர் உறக்கம் இல்லை; வெப்பம் இருக்கும்போதெல்லாம் வளரும், குளிர்ந்தால் வளர்ச்சி மந்தமாகும். வெட்டிய வேர் புதிதாகத் துளிர்ப்பதற்குச் சூடு வேண்டும் என்பதால், இங்கே வெயில் ஏறும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், மரம் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும்போதே தொட்டி மாற்றுங்கள். வேரைக் குறைக்கும் அளவுக்கு இலையையும் குறைத்து, இரண்டு மூன்று வாரம் நிழலில் காற்றடிக்காத இடத்தில் வையுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வறண்ட நாட்டு மரம் என்பதால் தண்ணீர் குறைவாகப் போதும் என்று நினைப்பது பெரும்பிழை. நிலத்தில் அதன் வேர் ஆழத்துக்குச் சென்று ஈரத்தைத் தேடிக்கொள்ளும். நான்கு அங்குலத் தொட்டியில் அதற்கு அந்த வழியில்லை. வேர் ஒருமுறை முற்றிலும் உலர்ந்தால் மீள்வது அரிது. ரிவர் ரெட் கம் வெள்ளத்திலும் நிற்கும் மரம் ஆதலால், கடுங்கோடையில் தொட்டியின் அடியில் தண்ணீர்த் தட்டு வைப்பதில் தவறில்லை.

கேள்வி: நாட்டுமரங்களுக்குப் பாஸ்பரஸ் ஆகாது என்கிறார்களே? (வாசகர், மெல்பர்ன்)

பதில்: அந்த எச்சரிக்கை முக்கியமாகப் பாங்க்சியா, கிரெவில்லியா என்னும் ஆஸ்திரேலியச் செடிகளின் குடும்பத்துக்கு உரியது. யூகலிப்டஸ் அவ்வளவு நுட்பமானதல்ல. வளரும் பருவத்தில் சாதாரண உரத்தை அளவோடு இடலாம்.

கேள்வி: ஜப்பானிய முறைப்படி முக்கோண வடிவில் கிளைகளை அடுக்கினேன். ஆனால் மரம் யூகலிப்டஸாகவே தெரியவில்லை. கீழ்க்கிளைகளும் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. (வாசகி, கான்பெரா)

பதில்: உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. பைன் மரத்தின் வடிவத்தை யூகலிப்டஸின் மேல் சுமத்தினால், கிடைப்பது இரண்டுமல்லாத ஒரு மரம். கத்தரியை எடுப்பதற்கு முன், ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு முதிய மரத்தின் அடியில் அரைமணி நேரம் நில்லுங்கள். தண்டு உயரே சென்ற பிறகே கிளை பிரிகிறது. கிளைகள் நீண்டு வெறுமையாக மேலேறி, நுனியில் மட்டும் இலைக்கொத்துகளைத் தாங்குகின்றன. கொத்துகளுக்கு நடுவே வானம் தெரிகிறது. முதிர்ந்த இலைகள் வெயிலுக்கு விளிம்பைக் காட்டிக் கீழ்நோக்கித் தொங்குகின்றன. எங்கோ ஒரு கிளை முறிந்து, அந்த இடத்தில் பொந்து விழுந்திருக்கிறது. அப்படியொரு பொந்து உருவாக நூறு ஆண்டுக்கு மேலாகும் என்பதால், தொட்டி மரத்தில் நீங்கள் குடைந்து வைக்கும் சிறு பொந்துகூட மரத்துக்கு முதுமையைத் தரும். நீங்கள் இருக்கும் கான்பெராவிலிருந்து மலைப்பக்கம் சென்றால், பனியும் காற்றும் முறுக்கிய ஸ்னோ கம் என்னும் யூகலிப்டஸ் மரங்களையும் பார்க்கலாம். சாய்ந்த வடிவத்துக்கு அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

கீழ்க்கிளைகள் காய்வதற்குக் காரணம் நுனியின் ஆதிக்கம். யூகலிப்டஸ் தன் பலத்தையெல்லாம் உச்சிக்கு அனுப்பிவிட்டு, நிழலில் விழுந்த கிளையைத் தயங்காமல் கைவிட்டுவிடும். ஆகவே கோடை முழுவதும் உச்சிக் கொழுந்துகளைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்; கீழ்க்கிளைகளின் நுனியை ஓடவிடுங்கள். மெலிந்த கிளையிலிருந்து எல்லா இலைகளையும் ஒருசேர எடுத்துவிடாதீர்கள். அந்தக் கிளை அப்படியே பட்டுப்போகக்கூடும்.

தண்டைப் பொறுத்தவரை அஞ்சவேண்டியதில்லை. காட்டுத்தீக்குப் பிறகு கரிந்த மரம் அடிமுதல் நுனிவரை துளிர்ப்பதைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். பட்டைக்கு உள்ளே ஆழத்தில் புதைந்திருக்கும் மொட்டுத் திசுக்களும், பல இனங்களில் தண்டின் அடியில் மண்மட்டத்தில் புடைத்திருக்கும் லிக்னோட்யூபர் என்னும் முண்டும் செய்யும் வேலை அது. எங்கள் பின்முற்றத்தில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரெட் கம்மை நவம்பரில் ஒரு சாண் உயரத்தில் வெட்டினேன். இரண்டு வாரம் வெறும் குச்சியாக நின்றது. மூன்றாவது வாரம், பட்டையின் மேல் குண்டூசித் தலை அளவில் செந்நிறப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றின. அடுத்த பத்து நாளில் இருபதுக்கும் மேற்பட்ட துளிர்கள். வேண்டிய நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை விரலாலேயே நீக்கினேன். இத்தகைய துளிர்களில் முதலில் வருவது இளநிலை இலை என்பதால், முதிர்ந்த இலையிலிருந்து வடிவத்தில் வேறுபட்டிருக்கலாம், கவலை வேண்டாம்.

கம்பி கட்டுவதை இளந்துளிர் சற்றே கெட்டிப்படும் நிலையில் செய்யுங்கள். மிக இளசாக இருந்தால் கணுவோடு கழன்றுவிடும். பென்சில் பருமன் வந்துவிட்டால் வளையாமல் முறியும். கோடையில் கிளை வேகமாகப் பருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை கம்பியைப் பார்க்கத் தவறாதீர்கள். வழுவழுப்பான பட்டையில் கம்பித் தழும்பு பல ஆண்டுகளுக்குக் கண்ணை உறுத்தும். கம்பியைவிட, வெட்டி வளரவிட்டு மறுபடி வெட்டும் முறையையே நான் அதிகம் நம்புகிறேன். ஒவ்வொரு வெட்டிலும் கிளை திசைமாறுவதால் கிடைக்கும் கோணல், கம்பியால் வளைத்த வளைவைவிட இந்த மரத்துக்கு இயல்பாக அமைகிறது.

கேள்வி: காட்டிலிருந்து ஒரு பழைய முண்டைத் தோண்டி வரலாமா? (வாசகர், வொல்லொங்காங்)

பதில்: தேசியப் பூங்காவிலிருந்தோ பொதுநிலத்திலிருந்தோ அனுமதியின்றிச் செடியை எடுப்பது குற்றம், அதைச் செய்யாதீர்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்களின் முற்றத்தில் யூகலிப்டஸ் தானாக முளைத்துப் பலமுறை வெட்டுப்பட்டு, அடி பருத்து நிற்பதுண்டு. வெட்டவும் எடுக்கவும் தடையில்லை என்பதை மாநகராட்சியிடம் உறுதிசெய்துகொண்டு, உரிமையாளரின் சம்மதத்தோடு, வெயில் பருவத்தில் அடிமுண்டு சிதையாமல் தோண்டுங்கள். ஒட்டியிருக்கும் சல்லிவேர்களை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அன்றைக்கே ஆழமான மரப்பெட்டியில் நட்டுவிடுங்கள். போன்சாய்த் தொட்டிக்கு மாற்றுவதை இரண்டு கோடைகள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.