தீர்மானத்தை மறுக்கலாமா?

மொரிஷியஸ் ரோஸ்ஹில்லில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தைப்பூசக் காவடி ஊர்வலப் பாதையை மாற்றக் கோயில் சங்கம் தீர்மானம் போட்டது. ‘தீர்மானத்தை மறுக்கிறேன்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். அது தவறு என்கிறார் செயலாளர். அப்படியா?”

இலக்கணப் பிழை இல்லை. பொருள்தான் வழுக்குகிறது.

‘மறு’ எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று பாருங்கள். ‘வர மறுத்தார்’ என்றால் கேட்டதைச் செய்யவில்லை. ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்றால் அது உண்மையில்லை என்றார். இந்த இரண்டாம் பொருளில் ஒரு விசித்திரம் உண்டு. ‘பணம் எடுத்ததை மறுத்தார்’, ‘பணம் எடுக்கவில்லை என்று மறுத்தார்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ‘இல்லை’ வந்தும் பொருள் தலைகீழாவதில்லை, ஏனெனில் ‘என்று’க்கு முன்னால் இருப்பது மறுத்தவரின் வாய்ச்சொல். தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆசிரியர்கள் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

ஆகவே உங்கள் வாக்கியத்தைப் படிப்பவர், அப்படி ஒரு தீர்மானமே நிறைவேறவில்லை என்று நீங்கள் வாதிடுவதாக எண்ணக்கூடும். கருத்து என்றால் கதை வேறு. தலைவரின் கருத்தைத் தாராளமாக மறுக்கலாம். நன்னூல் என்னும் இலக்கண நூல் எழுவகை மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழுவகைக் கொள்கைகளில், உடன்படலுக்கு அடுத்து மறுத்தலை வைப்பது இந்தப் பொருளில்தான். மறுத்த கையோடு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

1998-இல் இங்கே மொரிஷியஸில் வெளியான ரூபாய்த் தாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தமிழர்கள் கொதித்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சாயின. இதைத் ‘தமிழர் மறுத்தனர்’ என்று எழுதினால் எதை என்று கேட்கத் தோன்றும். ‘ஏற்க மறுத்தனர்’ என்றால் தாளைக் கையில் வாங்கவில்லை என்றாகிவிடும். நடந்ததற்கு உரிய சொல் ‘எதிர்த்தனர்’.

உங்களுக்கும் ‘எதிர்க்கிறேன்’ பொருந்தும், எதிராக வாக்களித்திருந்தால். பெரியவர்கள் கூடிய சபையில் அது கடுமையாக ஒலிக்கும் என்று தயங்கினால் ‘உடன்படவில்லை’ இருக்கிறது. ‘தீர்மானத்துக்கு உடன்படவில்லை’, ‘தலைவரோடு உடன்படவில்லை’ என வேற்றுமை உருபு மாறும். ஆனால் ‘உடன்படவில்லை’ யாரைக் குறிக்கிறது என்பதை அதன் விகுதி காட்டாது. ‘எதிர்க்கிறேன்’ தனியே நின்றாலும் பேசுபவரைக் காட்டும், இது காட்டாது. ‘நான்’ விடுபட்டால் நாளை குறிப்பேட்டைப் புரட்டுபவர் உடன்படாதது நீங்களா, சங்கம் முழுவதுமா என்று குழம்புவார். ‘ஆட்சேபிக்கிறேன்’ அலுவல் மொழி, தாராளமாக எழுதலாம்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “ஊர்வலப் பாதையை மாற்றும் தீர்மானத்துக்கு நான் உடன்படவில்லை. புதிய பாதையில் காவடி எடுப்போர் வெயிலில் கூடுதல் தூரம் நடக்க வேண்டியிருக்கும். என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.” உங்கள் காரணம் வேறாக இருந்தால் நடு வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.