இயந்திரம் வாங்கினால் நரம்பு தெரியுமா?

கேள்வி: இயற்கையையே கருவாகக் கொண்ட ஓர் அச்சுக்கலைஞரின் இலை அச்சுகளைப் பார்த்து நானும் முயன்றேன். இலையில் மை தடவி ஒற்றினால், நரம்பு ஒன்றுகூடத் தெரியாமல் கறுப்புத் திட்டாக விழுகிறது. அழுத்தும் இயந்திரம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இப்போது போடுகிற மைக்கு, இயந்திரத்தில் திட்டு இன்னும் அகலமாக விழும்.

இலையின் எந்தப் பக்கத்தில் மை போட்டீர்கள் என்று எழுதவில்லை. நரம்புகள் புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான். அந்தப் புடைப்பில் மட்டும் மை நிற்க வேண்டும். இடையிலுள்ள பள்ளமும் நிரம்பினால் திட்டுதான். எனவே தூரிகையை விடுங்கள். பட்டாணி அளவு எண்ணெய் மையைக் கண்ணாடியில் வைத்து, ரப்பர் உருளையால் நன்றாகப் பரத்துங்கள். உருளை ஓடும்போது மெல்லிய சரசரப்பு கேட்க வேண்டும். பிசுபிசுவென்று இழுத்தால் மை அதிகம்; பாதியை வழித்தெடுங்கள்.

பறித்த கையோடு இலையை அச்சிட்டால் சாறு கசியும், ஈரத்தில் மை ஒட்டாது. செய்தித்தாளுக்கிடையே வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் ஒரு நாள் கிடக்கட்டும். சருகாக விட்டால் உருளையிலேயே நொறுங்கிவிடும். பூச்சி அரித்த இலையை ஒதுக்காதீர்கள். அந்த ஓட்டைகளும் அழகாகப் பதியும்.

அந்த உருளையால் இலையின் அடிப்பக்கத்தில் மையிட்டு, அந்தப் பக்கம் மேலாக இலையை வைத்து, லேசாக ஈரமாக்கிய மெல்லிய தாளைப் போர்த்தி, கட்டைவிரலால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தேயுங்கள். பளபளப்பான தாள் வழுக்கும்; கோடு இரட்டையாக விழும். நடுநரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை தெரிந்தால், அது தடித்துத் தாளைத் தூக்குகிறது என்று பொருள். காம்பை நறுக்கி, நரம்பை மறுபக்கத்தில் பிளேடால் சீவுங்கள். முதல் அச்சு கனத்துப்போனால், மறுபடி மை போடாமலே இன்னொன்று எடுங்கள். நுண்நரம்புகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தெளியும்.

இயந்திரம் வேண்டியிருந்தது வேறு வேலைக்கு. 1850களில் வியன்னா அரசு அச்சகத்தில் அலோயிஸ் ஆவர் என்பவர், இலையை ஈயத் தகட்டில் அழுத்தித் தடம் எடுத்து, அதிலிருந்து மின்முறையில் செம்புத் தகடு செய்தார். ஓர் இலையிலிருந்து ஏராளமான படிகள் வேண்டுமென்றால் அந்தப் பாடு பட வேண்டும். உங்களுக்கு நாலைந்து படி போதுமே!

துடைக்க டர்பன்டைன் வேண்டாம். சமையல் எண்ணெயும் சோப்பும் போதும். ஆளிவிதை எண்ணெய் மை துடைத்த துணிகளை மட்டும் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள்.