மென்தால் தடை: மாநிலத்துக்கு ஏது அதிகாரம்?

வணக்கம். கலிஃபோர்னியாவில் 2022 டிசம்பரிலிருந்து மென்தால் (புதினாவின் குளிர்ச்சிச் சுவை) சிகரெட் விற்கத் தடை. எல்லை தாண்டி நெவாடா போனால் தாராளமாகக் கிடைக்கிறது. மாநிலச் சட்டத்தைவிட பெடரல் சட்டம்தானே மேல்? பெடரல் அரசு அனுமதிக்கும் பொருளை ஒரு மாநிலம் எப்படித் தடுக்க முடிகிறது?
— ஒரு வாசகர், சான் ஹோசே

அன்புள்ள நண்பருக்கு,

பெடரல் சட்டம் மேல்தான். ஆனால் 2009-இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இந்த இடத்தை மாநிலங்களுக்கு விட்டுவைத்திருக்கிறது. சிகரெட்டை எப்படித் தயாரிப்பது, அதில் என்ன சேர்க்கலாம், லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் எஃப்.டி.ஏ.வின், அதாவது பெடரல் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின், பொறுப்பு. விற்பனையில் மட்டும் மாநிலங்களும் கவுண்டிகளும் (மாவட்டம் போன்றவை) நகரங்களும் இன்னும் கடுமையாக இருந்துகொள்ளலாம். ‘விற்பனைத் தடை என்ற பெயரில் இது தயாரிப்பு விதிதான்’ என்று, இப்படி ஒரு தடை போட்ட லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கு எதிராக ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனி வாதாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவின் தடையை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

மாநிலங்களுக்கு விட்டுவைத்த இந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பது 2009-க்கு முந்தைய வருடங்களைப் பார்த்தால் தெரியும். எஃப்.டி.ஏ.வுக்குப் புகையிலைமேல் அதிகாரமே இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சரி, மாநிலமாவது ஏதாவது செய்யட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. பள்ளிகளிலிருந்து 1,000 அடிக்குள் வெளிப்புற சிகரெட் விளம்பரம் கூடாது என்ற மாசசூசெட்ஸின் விதி, பெடரல் விளம்பரச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2001-இல் விழுந்தது. பெடரல் அரசு தானும் செய்யாமல் மாநிலங்களையும் செய்யவிடாத அந்த நிலை எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. சிகரெட் கம்பெனிகளுக்கு அதைவிட வசதி வேறென்ன?

நல்ல மாற்றங்கள் கீழிருந்துதான் வந்திருக்கின்றன. விற்பனை வயதை 21 ஆக்கியது முதலில் நீதம் என்ற சின்ன மாசசூசெட்ஸ் ஊர், 2005-இல். மாநிலமாக ஹவாய் 2016-இல் பின்பற்றியது. வாஷிங்டன், அதாவது பெடரல் அரசு, அதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது 2019 டிசம்பரில்தான்.

மென்தாலில் இன்னும் அதுகூட நடக்கவில்லை. 2009 சட்டம் சிகரெட்டில் பழ, மிட்டாய் சுவைகளைத் தடுத்தது. மென்தாலை மட்டும் விட்டுவிட்டது. கறுப்பின மக்களைக் குறிவைத்துப் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்யப்பட்ட சுவை அது. புகைபிடிக்கும் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் பிடிப்பதும் அதைத்தான். எஃப்.டி.ஏ. 2022-இல் தடையை முன்மொழிந்தது, 2025 ஜனவரியில் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. வாஷிங்டனுக்காகக் காத்திருந்தால் உங்கள் ஊர்க் கடைகளில் இன்றும் அது விற்பனையில் இருந்திருக்கும்.

நெவாடா விஷயத்தில் கலிஃபோர்னியாவால் எதுவும் செய்ய முடியாது. நெவாடாவே தடுக்க வேண்டும், இல்லையென்றால் எஃப்.டி.ஏ. மறுபடி அந்த விதியைக் கையிலெடுக்க வேண்டும்.