அம்மாவுக்குப் பின்னால் இருப்பது

அன்புள்ள அக்கா,

கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. பின்னணி மட்டும் சரியாக அமைய மாட்டேன் என்கிறது. பினாங்கு ஆர்மீனியன் ஸ்திரீட் சைக்கிள் சுவரோவியத்தின் முன்னால் அம்மாவை நிறுத்த முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். வந்தது எல்லாரிடமும் இருக்கிற அதே படம். லிட்டில் இந்தியாவில் அம்மாவின் பூமாலைக் கடையிலேயே எடுக்கலாம் என்றால் பின்னால் ஒரே குப்பை. 50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 வரை அகலத் திறந்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டேன். சுவாரஸ்யமான பின்னணியை உருவாக்குவது எப்படி? திரைத்துணி வாங்கலாமா, மென்பொருளில் மாற்றலாமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

உங்கள் மூன்றாவது படத்தை மூன்று நாளாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். அம்மாவின் கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிகிறது. விரலில் சுற்றிய நூல் தெரிகிறது. காதைத் தாண்டினால் மஞ்சளும் பச்சையுமாக ஒரே குழம்பு. மஞ்சள், செவ்வந்தி வாளியாக இருக்கலாம். பச்சை எதுவென்று தெரியவில்லை.

துணி வேண்டாம். மென்பொருளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுவரோவியத்தையும் விடுங்கள். 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் அங்கே இரண்டு குழந்தைகளை வரைந்து, நிஜச் சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தினார். காரை உதிர்ந்த அந்தப் பழைய சுவரும் சேர்ந்துதான் அது படம். ஒருவர் பார்த்து முடித்த சுவரின் முன்னால் போய் நின்றால் அவருடைய படம்தான் கிடைக்கும்.

ஆனால் 'குப்பை' என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. அம்மா தினமும் உட்கார்ந்து சம்பாதிக்கிற இடம் அது. நீங்கள் கேமரா வாங்கிய காசும் அந்த வாளிகளிலிருந்துதான் வந்திருக்கும். கோபமாகத்தான் சொல்கிறேன்.

என் அப்பாயி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1963இல் ஊருக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று பெர்ரி ஏறி பினாங்குக்கு வந்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டார். பின்னால் திரைச்சீலையில் பெரிய தூண்கள், வளைந்து ஏறும் மாடிப்படி, ஒரு குளம். ஊரில் அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. அவர் வாழ்ந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஆறு பேருக்கு ஓர் அறை.

அந்தப் படத்தின் வலது ஓரத்தில் திரை கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. விரல் அகலம் இருக்கும். அங்கே ஸ்டூடியோவின் வெறும் சுவர். அதில் ஒரு குடை சாய்ந்திருக்கிறது. அதன் கீழே துணிப்பை, வாய் முடிச்சிட்டது. படத்தில் விழக்கூடாதென்று அப்பாயியே ஒதுக்கி வைத்தவை. அறுபது வருஷம் கழித்து அந்தப் படத்தில் எனக்கு மிச்சமிருக்கிற அப்பாயி அந்த விரல் அகலத்தில்தான் இருக்கிறார். தூணும் குளமும் அன்று அங்கே வந்த எல்லாருக்கும் பொது. முடிச்சு அவர் போட்டது.

லயத்தை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தகுந்த இடம் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று அப்பாவும் அத்தையும் கடைசிவரை சண்டை போட்டார்கள். ஒரே ஒரு படம் இருந்திருந்தால் போதும்.

அப்பாயி மறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஊரார் முன்னால் கௌரவமாக நிற்க வேண்டியிருந்தது. உங்களுக்கு என்ன காரணம்?

சரி, கேட்டதற்கு வருகிறேன். கடை அஞ்சடியில்தானே, கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில்தானே இருக்கிறது? மேலே மாடி மூடியிருப்பதால் தெருப்பக்கமிருந்து மட்டும்தான் வெளிச்சம் வரும். இதைவிட நல்ல விளக்கு எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. அம்மாவின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, முகத்துக்குத் தகுந்தபடி வெளிச்ச அளவை வையுங்கள். கடையின் உட்புறம் தானாக ஒரு படி இருண்டு பின்னால் ஒதுங்கிவிடும். எஃப் 5.6 அல்லது 8 வையுங்கள். பின்னால் இருப்பவை கொஞ்சம் மென்மையாகும், ஆனால் இன்னதென்று தெரியும். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600 வரை ஏற்றினாலும் பரவாயில்லை, மணல் மணலாக வந்தால் வரட்டும். அப்புறமும் நெரிசலாகத் தெரிந்தால் பொருள்களை நகர்த்தாதீர்கள், நீங்கள் நகருங்கள். முட்டி போட்டு உட்கார்ந்தால் தொங்கும் மாலைகள் அம்மாவின் தலைக்கு மேலே வரும். முக்காலியில் ஏறினால் தரையும் பூக்கூடையும் வரும். மாலை கட்டுகிற கையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. மூன்றாவது படத்தில் அம்மாவின் வலது தோளுக்கு மேலே நீலமாக, சதுரமாக ஏதோ இருக்கிறது. சாமி படமா, காலண்டரா, இல்லை உங்கள் அப்பாவின் படமா? எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா