எல்லாமே கடவுள் என்றால்: சில கேள்விகள், பதில்கள்

உலகமே கடவுள் என்பதும், உலகம் முழுக்கக் கடவுள் நிறைந்திருக்கிறார் என்பதும் ஒன்றுதானே ஐயா?

இல்லை. உலகத்தைக் கழித்துவிட்டால் கடவுளில் ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் மிஞ்சாது என்றால்தான் அது 'எல்லாம் இறை' என்ற கொள்கை. ராமானுஜர் உலகத்தையும் உயிர்களையும் இறைவனின் உடல் என்கிறார். உடலை உடையவன் உடலோடு முடிந்துபோவதில்லை. அதனால் அவரை இதில் சேர்க்க மாட்டேன்.

அப்போ சங்கரர்?

அவரையும்தான். பிரம்மம் ஒன்றே மெய், உலகம் முடிந்த முடிபான உண்மை அல்ல என்றவர், உலகத்தையே கடவுளாக்கினார் என்று எப்படிச் சொல்வது?

எல்லாம் இறை என்ற டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவை ஏன் நாத்திகர் என்றார்கள்?

1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் அவரை விலக்கியபோது அவருக்கு வயது 23, ஒரு நூலும் வெளியிட்டிருக்கவில்லை. கொடிய சமயப் பிழைகள் என்றது ஆணை. எவை என்று சொல்லவில்லை. அவருடைய முதன்மை நூல் 'எதிக்ஸ்' 1677-இல், அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. இருப்பது ஒரே பொருள், அதைக் கடவுள் என்றாலும் சரி, இயற்கை என்றாலும் சரி என்கிறார். அந்தக் கடவுளுக்கு நோக்கம் கிடையாது, கோபம் கிடையாது. கடவுளை நேசிப்பவன், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது என்றும் எழுதினார். கடவுளைத் தவிர வேறெதுவுமே இல்லை என்றவருக்கு நாத்திகர் பட்டம்! ஆனால் வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்பியவர்களுக்கு அது அப்படித்தான் பட்டிருக்கும். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை.

அவருக்கு முன்னால் மேற்கில் யாரும் இப்படிச் சொல்லவில்லையா?

சொன்னார்கள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஜீனோ என்பவர் தொடங்கிய ஸ்டோயிக் என்ற தத்துவ மரபுக்குப் பிரபஞ்சமே கடவுள், அதுவும் பருப்பொருளான கடவுள். நெருப்பும் காற்றும் கலந்த ஓர் உயிர்மூச்சு எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கிறது என்றார்கள். ஸ்பினோசாவோடு முட்டும் இடம், அவர்களுடைய கடவுள் அறிவோடு திட்டமிடுகிறது என்பது. அந்த மரபின் கிளியாந்தஸ் கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஜீயஸைப் போற்றி எழுதிய பாடல் இன்றும் கிடைக்கிறது.

எல்லாம் கடவுள் என்றால் கொலையும் நோயும் கடவுள்தானா?

இந்தக் கொள்கையின் மிகக் கடினமான இடம் இதுதான். முழுமையின் ஒழுங்கில் தீயதற்கும் ஓர் இடம் உண்டு என்பார்கள் ஸ்டோயிக்குகள். வலியில் கிடப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். நன்மை, தீமை எல்லாம் மனிதர் தமக்கு ஏற்றபடி போடும் அளவுகள், இயற்கையில் அவை இல்லை என்கிறார் ஸ்பினோசா. ஆறுதல் தராத பதில். ஆனாலும் இரண்டில் இதுவே நேர்மையானது என்பேன்.