"முதலில் அனுப்பியது யார்?": அம்மாவின் போனிலிருந்து நான் தேடிப் போன கதை

கேள்வி: வதந்தியை வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பியவர் யார் என்று அரசு கேட்டால் நிறுவனம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற விதியை ஏன் எதிர்க்கிறார்கள்? வதந்தியால் உயிர் போவதைவிட அந்தரங்கம் பெரிதா? மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம்?

பதில்:

ஆரணியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேள்வியின் கடைசி வரியைக் கடையில் தினமும் கேட்கிறேன். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"என் போன்ல மறைக்க இன்னா இருக்கு?" என்று சொல்கிற அதே ஆள், காம்போ (டிஸ்ப்ளேவும் டச்சும் சேர்ந்த முன்பக்கம்) மாற்றக் கொடுத்த போனை விட்டு நகர மாட்டார். "ஒரு மணி நேரம் ஆவும்ணா, மார்க்கெட் போய்ட்டு வந்துடுங்க" என்றால், "பரவால்ல தம்பி, இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். டச் சரியாக வேலை செய்கிறதா பார்க்கப் பேட்டர்ன் கேட்டால், போனை வாங்கி, லேசாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தானே போட்டுத் தருவார். உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது? மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட், சீட்டுப் பணப் பாக்கிக் கணக்கு, பாகப்பிரிவினை பற்றித் தங்கையிடம் அழுத வாய்ஸ் மெசேஜ். எதுவும் குற்றம் இல்லை. இருந்தாலும் நான் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினார்கள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்திருக்க மாட்டார். படிக்கத் தேவையும் இல்லை.

சரி, இப்போது வதந்திக்கு வருவோம். இதில் 2018ல் நான் உங்கள் கட்சிதான்.

அந்த வருடம் மே மாதம், கத்திரி வெயில். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக எங்கள் மாவட்டம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மே 9ஆம் தேதி, சென்னையிலிருந்து மலேசிய உறவினர்களோடு குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம், போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அந்த வீட்டுப் பெரியம்மா சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்துவிட்டார். அறுபது வயது தாண்டியவர். போளூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஜியோ வந்த பிறகு சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ பேருக்கு வாட்ஸ்அப் ஏற்றிக் கொடுத்தவன் நான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அனுப்பியவன் யாரென்று கண்டுபிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்றுதான் நானும் கத்தினேன்.

கத்திவிட்டு, அம்மாவின் போனை எடுத்தேன். அவருக்கும் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அவரும் நான்கு பேருக்கு அனுப்பியிருந்தார். யாரிடமிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்போமே என்று தோன்றியது. அம்மாவுக்கு அனுப்பியது கண்ணமங்கலத்தில் இருக்கும் என் அக்கா மகள். அவளுக்கு வந்தது பள்ளிப் பெற்றோர் குரூப்பில். அதில் போட்டவரைக் கேட்டால், மச்சானிடமிருந்து வந்தது என்றார். அந்த மச்சானுக்கு ஒரு செல்போன் வியாபாரிகள் குரூப்பிலிருந்து. அந்தக் குரூப்பில் நானும் இருக்கிறேன்! மூன்று நாட்களுக்கு முன்பே என் போனில் தானாக டவுன்லோட் ஆகி, கேட்கப்படாமல் கிடந்திருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று அப்போதுதான் தெரிந்தது. இவர்கள் எல்லோரிடமும் இருந்தது ஒரே மெசேஜ் இல்லை. அம்மாவிடம் இருந்ததில் ஒரு பெண் குரல் "நம்ம ஆரணி பக்கம்" என்றது. வியாபாரிகள் குரூப்பில் ஓர் ஆண் குரல், அதே வார்த்தைகள், ஊர் மட்டும் செய்யாறு. யாரோ கேட்டு, பயந்து, தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தன் குரலில் மறுபடி பேசி அனுப்பியிருக்கிறார்கள். இதில் முதலில் அனுப்பியவர் என்று யாரைச் சொல்வது?

கூடவே சுற்றிய வீடியோ கதை இன்னும் மோசம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். எடுத்தவர்கள் நல்லதற்கு எடுத்தார்கள், வெட்டியவர் யாரென்று தெரியாது, எங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தவர் அதை உண்மை என்றே நம்பியிருக்கலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு விதியைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 25 அன்று வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்பது நீங்கள் கேட்கும் விதி. 50 லட்சம் பயனாளிகளுக்கு மேல் உள்ள செய்திச் செயலிகள், கேட்கும்போது முதல் அனுப்புநரைக் காட்டித் தர வேண்டும். நியாயமாகச் சொன்னால், எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் கேட்க முடியாது: நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி, பாலியல் குற்றம் போன்றவற்றில் கடுமையான வழக்குகளுக்குத்தான். வேறு எளிய வழி இருந்தால் இதைக் கேட்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நீதிமன்ற உத்தரவுதான் வேண்டும் என்றில்லை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவின் கீழ் அரசு அதிகாரியே உத்தரவு போடலாம். அப்புறம் ஒரு வரி இருக்கிறது: முதல் அனுப்புநர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். அதாவது கராச்சிப் படத்தை யாரோ வெட்டி வெளிநாட்டிலிருந்து அனுப்ப, பதறிப்போய் உள்ளூர்க் குரூப்பில் போட்ட முதல் ஆள் மாட்டிக்கொள்வார். அவர் இடத்தில் என் அம்மாவை வைத்துப் பார்த்தேன். அன்றோடு கட்சி மாறிவிட்டேன்.

தொழில்நுட்பப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016லிருந்து வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கிறது. நடுவில் சர்வருக்குப் பூட்டிய பெட்டிதான் தெரியும். முதல் அனுப்புநரைச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஓர் அடையாளம் ஒட்ட வேண்டும். எந்தப் பெட்டியைப் பற்றி நாளைக்குக் கேட்பார்கள் என்று தெரியாததால், 'சாப்டியா' என்று மனைவிக்கு அனுப்பியது உட்பட எல்லாவற்றுக்கும் ஒட்டியாக வேண்டும். இந்த வாதம் முதலில் சூடு பிடித்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சொல்லி 2018ல் போட்ட மனு, இந்தக் கேள்வியில் வந்து நின்றது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி, செய்தியோடு முதல் அனுப்புநர் விவரத்தைச் சேர்த்தே அனுப்பலாம், முடியும் என்றார். ஐ.ஐ.டி. பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அது சரிவராது என்று மறுத்து எழுதினார். என் அனுபவத்துக்கு மனோஜ் பக்கம்தான் சரி: காப்பி எடுத்துப் போட்டால், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், மறுபடி பேசி அனுப்பினால், புதிதாக ஒரு 'முதல் ஆள்' பிறந்துவிடுகிறார். நிஜமாகத் திட்டம் போட்டு வதந்தி கிளப்புகிறவனுக்கு இது தெரியும். தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள். வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் கிளம்பிவிடுவோம் என்று 2024 ஏப்ரலில் அவர்கள் வழக்கறிஞர் அங்கேயே சொன்னார். (அந்த நிறுவனத்துக்கு நம் மேல் பாசம் என்று நான் நம்பவில்லை. யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பேசியது என்ன என்பதுதான் தெரியாது.)

அப்படியானால் சாகட்டும் என்று விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். 2018 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஒரே நாளில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். அதே மாதம் வாட்ஸ்அப் 'பார்வர்ட் செய்தது' என்று குறிப்பு போட ஆரம்பித்தது. இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. 2020ல் பலமுறை சுற்றிய செய்தியை ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியதும், அப்படிச் சுற்றும் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். அவர்கள் சொன்ன கணக்குதான், இருந்தாலும் கடையில் எனக்கும் மாற்றம் தெரிந்தது. யாருடைய பூட்டையும் திறக்காமல், வேகத்தை மட்டும் குறைத்தார்கள். ஆனால் இதற்கும் பெரிய மாலை போட மாட்டேன். பலமுறை பார்வர்ட் ஆனதற்கு வரும் இரட்டை அம்புக்குறியைப் பார்த்து என் அம்மா கேட்டது: "இவ்ளோ பேர் அனுப்பியிருக்காங்கன்னா உண்மையாத்தானடா இருக்கும்?"

பாதுகாப்பு என்று சொல்லிக் கையில் பெரிய கத்தியைக் கொடுத்தால் எங்கே பாயும் என்பதையும் அதே 2018 மே மாதத்திலேயே பார்த்தோம். தூத்துக்குடியில் 22ஆம் தேதி துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்தார்கள். மறுநாள் வதந்தி பரவாமல் தடுக்க என்று தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். செத்தது யார், ஆஸ்பத்திரியில் கிடப்பது யார் என்று தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் நின்றது.

பூட்டை உடைக்காமல் பிடிக்கவே முடியாதா என்றால், 2023 மார்ச்சைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரில் போலீஸ் இந்தியிலேயே பேசி வீடியோ போட்டது, பீகார் அரசின் குழுவும் வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனது, வீடியோ போட்ட யூடியூபரைக் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். பலர் பார்க்க வேண்டும் என்று போடுகிறவன் எங்காவது வெளிச்சத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்றை மட்டும் என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை: குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசப் படங்கள். அவை பூட்டிய பெட்டிக்குள்தான் போகின்றன. பெறுகிறவர் புகார் செய்தால் கடைசிச் செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், பிடிபட்டவன் போனிலிருந்து வலையைப் பிடிக்கலாம் என்பார்கள். ஒரு பிள்ளையைப் பெற்றவனாக அது எனக்குப் போதவில்லை. ஆனாலும் ஒட்டுகிற அடையாளம் அந்தப் பெட்டிகளோடு நிற்காதே.

அத்திமூர் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சவரி முடிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி ஒருவர் சைக்கிளில் வருவார். தெலுங்கு கலந்த தமிழ். டீக்கடை வாசலில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். பத்து, பதினைந்து பேர். ஒருவன் போனில் வீடியோ எடுக்கிறான், ஒருவன் மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறான், ஒருவன் ஆதார் எங்கே என்கிறான். அவர் கை நடுங்கியதில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. நான் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே, பின் தெரு ஆயா ஒருத்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "டேய், இவரு நம்ம பாத்திரக்காரருடா. உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னால இருந்து வர்றாரு" என்று வீடியோ எடுத்தவனின் தலையில் ஒன்று போட்டார். கூட்டம் கலைந்தது. டம்ளரை அவன்தான் எடுத்துக் கழுவிக் கொடுத்தான்.

அவர் இப்போதும் வருகிறார். அதற்கப்புறம் ஆதாரை லேமினேஷன் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். யாராவது நிறுத்தினால், கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டிவிடுகிறார்.