கோடு போட்ட மப்ளரில் நிறம் மாறும் இடம் சுத்தமாக வருவது எப்படி?

கொடைக்கானலில் படிக்கும் மகளுக்கு மதுரையிலிருந்து கோடு போட்ட மப்ளர் பின்னுவதாகவும், எல்லா வரிசைகளையும் ‘நிட்’ (ஊசிப் பின்னலின் அடிப்படைக் கண்ணி) பின்னலாகவே போட்டும் நிறம் மாறும் இடம் புள்ளி புள்ளியாகத் தெரிவதாகவும், ஓரம் சுருங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பின்னலில், புதிய நூலை எந்தப் பக்கம் பார்த்தபடி சேர்க்கிறோமோ அதற்கு மறுபக்கத்தில்தான் இரண்டு நிறங்களும் கலந்து மேடுமேடாகத் தெரியும். ஆகவே மேல்பக்கம், அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கம், உங்களைப் பார்த்திருக்கும் வரிசையின் தொடக்கத்தில் மட்டுமே நிறத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு கோடும் 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிசைகளில் அமைந்தால், விட்ட நூலும் எப்போதும் அதே ஓரத்தில் காத்திருக்கும்.

ஓரம் சுருங்குவதற்குக் காரணம், அறுக்காமல் விட்ட பழைய நூலை ஓரம் வழியாக அடுத்த கோட்டுக்கு மேலே கொண்டுபோகும்போது இறுக்கி இழுத்துவிடுவதே. பின்னியதை நீளவாக்கில் லேசாக விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்த அளவுக்கு நூலைத் தளர்வாக விடுங்கள். கோடு 4 வரிசைக்கு மேல் போனால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை இரண்டு நூல்களையும் ஓரத்தில் முறுக்கிக்கொள்ள வேண்டும். மிக அகலமான கோடுகளுக்கு நூலை அறுத்து, 15 செ.மீ. வால் விட்டு, அதே நிறக் கண்ணிகளுக்குள் செருகிவிடுவதே நல்லது.

சித்திரை வெயிலில் கை வியர்த்தால், வழுக்கும் உலோக ஊசியைவிட மூங்கில் ஊசி நன்றாகப் பிடி கொடுக்கும். நிறங்களுக்கு நான் நம்மூர்ச் சுங்குடிச் சேலையைத்தான் பார்ப்பேன்: அரக்கு, கரும்பச்சை, நடுவே மெல்லியதாக ஒரு மஞ்சள் கோடு. அரக்கு நூலை மட்டும் முதலில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.